காலி நாற்காலியும் மூன்றாம் வாசிப்பும்

போன மாதம் எங்கள் பேரவையின் புதிய பொதுச்செயலாளர் எனக்குப் போன் செய்தார். நல்ல பிள்ளை. குரலில் மட்டும் பதற்றம்.

"மேடம், மூணாவது வாசிப்பு நடந்துட்டு இருக்கும்போது ஒரு மெம்பரோட வீடியோ ஆஃப் ஆயிடுச்சு. கேட்டா கரண்ட் கட்டுன்னு சொல்றாரு. இது எதிர்ப்பா, நிஜமாவே கரண்ட் கட்டா? எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"அவர் ஊர் மின்சார ஆபீசுக்குப் போன் போட்டுக் கேளுங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. என் காலமாக இருந்தால் கட்டாயம் கேட்டிருப்பேன். இந்த வேலைக்குப் பல மொழி தெரிய வேண்டும், பொறுமை வேண்டும், எல்லா மதத்தையும் மதிக்கத் தெரிய வேண்டும் என்றெல்லாம் விளம்பரத்தில் போடுவார்கள். அதெல்லாம் இரண்டாம்பட்சம். முதலில் சந்தேகப்படத் தெரிய வேண்டும். அது எனக்குப் பிறவியிலேயே உண்டு. கல்யாண வீட்டில் பாயசம் கொஞ்சம் நன்றாக இருந்தால்கூட, யார் வீட்டுச் செலவு என்று யோசிக்கிற ஆள் நான்.

பேரவை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பல நாடுகளின் நாடாளுமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் தமிழ் பேசுகிற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மதங்களுக்கு நடுவே வருகிற சிக்கல்களைச் சண்டையில்லாமல் பேச அவர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட அமைப்பு அது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பௌத்தர் எல்லோரும் உண்டு. அதிகாரம் என்று பார்த்தால் ரேஷன் கடைக்காரருக்கு இருப்பதில் பாதிகூடக் கிடையாது. ஆனால் அங்கே நிறைவேறும் தீர்மானத்தை அந்தந்த நாட்டு அரசுகள் படிக்கும். தலைமை அலுவலகம் கிழக்குத் தாம்பரத்தில், ஒரு டைல்ஸ் கடை மாடியில். விமான நிலையம் பக்கம், வாடகை குறைவு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

நான் பொழிச்சலூர்க்காரி. நிலத்தை விற்றுவிட்டு அப்பா ஹார்டுவேர் கடை வைத்த வருஷம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். தபால் பிரிப்பது, விருந்தாளிகளை மீனம்பாக்கத்திலிருந்து அழைத்து வருவது, யார் எதைச் சாப்பிடமாட்டார் என்பதை மனப்பாடம் செய்வது என்று ஆரம்பித்து, துணைச் செயலாளராகி, கடைசியில் பொதுச்செயலாளர் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஓய்வு பெற்றேன். நடுவில் நடந்தவற்றில் பாதி சாப்பாட்டுத் தகராறு, அவற்றை விட்டுவிடலாம்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் பிரகாசம் சார். அவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

பிரகாசம் என்ற பெயர் கோயிலிலும் பொருந்தும், சர்ச்சிலும் பொருந்தும். அவர் என்ன மதம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஒருமுறை பொங்கலுக்கு லீவு போடுகிறாரா, கிறிஸ்துமஸுக்கா என்று வருஷம் முழுக்கக் கவனித்தேன். மனிதர் இரண்டுக்கும் ஆபீஸ் வந்தார். ரம்ஜானுக்கும் வந்தார்.

பேசுவதிலும் அப்படித்தான். கூட்டத்துக்கு முன்னால் உறுப்பினர்களை ஒவ்வொருவராக விடுதி அறையில் போய்ப் பார்ப்பார். மெத்தையில் உட்காரமாட்டார், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். முதல் வார்த்தை அவருடையதாக இருக்காது. சட்டைப் பையில் பேனா இருக்கும், அவர்கள் எதிரில் அதன் மூடியைத் திறக்கமாட்டார். ஒருவர் சொன்னதை அதே வார்த்தைகளில் இன்னொருவரிடம் கொண்டுபோகவே மாட்டார். "அவர் ஒத்துக்கிட்டாரா சார்?" என்று கேட்டால், "மறுக்கலை" என்பார். "மறுத்துட்டாரா?" என்றால், "இன்னும் ஒத்துக்கலை" என்பார். இப்படிப்பட்ட மனிதரை நம்பச் சொன்னால் எப்படி நம்புவது? பிடி கொடுக்காதவனிடம் ஏதோ இருக்கிறது என்பது என் கட்சி.

எங்கள் பேரவையில் ஓட்டெடுப்பு கிடையாது. ஒருவர் மதத்துக்கு எதிராக இன்னொருவர் கை தூக்கினார் என்று எந்த ஊர்ப் பத்திரிகையிலும் படம் வரக்கூடாது என்று ஆரம்பித்தவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அதற்குப் பதில் மூன்று வாசிப்பு. முதல் வாசிப்பில் வாதாடலாம். இரண்டாவதில் வார்த்தைகளை மாற்றலாம். மூன்றாவதில் யாரும் வாய் திறக்கக்கூடாது. பொதுச்செயலாளர் மட்டும் தீர்மானத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை படிப்பார். சம்மதம் இல்லாதவர் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய்விடலாம். ஏன் போனாய் என்று யாரும் கேட்கக்கூடாது. ஒரு நாற்காலி காலியானாலும் வாசிப்பு அந்த இடத்திலேயே நிற்கும். தீர்மானம் செத்தது. அந்தக் கூட்டத்தில் அதை மறுபடி எடுக்க முடியாது.

கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? ஆனால் வருகிறவர்கள் எல்லாம் வயதானவர்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை. எழுந்து போகிறவர் எதிர்ப்புக்குப் போகிறாரா, ஒன்றுக்குப் போகிறாரா என்று யாருக்குத் தெரியும்? அதனால் பிரகாசம் சார் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். மூன்றாம் வாசிப்பு நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காபி, டீ, மோர், எதுவும் மண்டபத்துக்குள் வராது. தண்ணீர் பாட்டிலைக்கூட எடுத்துவிடுவோம். உறுப்பினர்கள் இதற்குத் 'தாம்பரத்து வறட்சி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். வாசிப்புக்கு முன்னால் அவரே ஒவ்வொருவரிடமும் குனிந்து, "ஐயா, ஒருதரம் போயிட்டு வந்துடறீங்களா?" என்று கேட்பார். பல நாட்டுச் சட்டங்களை இயற்றுகிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசையாகப் போய்விட்டு வருவார்கள்.

இனி சேகர் விஷயத்துக்கு வருகிறேன்.

சேகர் படப்பைக்காரர், பெயின்டர். வெளிநாட்டில் ஒரு கட்டடத்தில் வேலை பார்த்தார். எந்த நாடு, எந்த மதம் என்று நான் சொல்லமாட்டேன். பேரவையில் வேலை பார்த்தவர்கள் சொல்வதில்லை. பெயின்ட் சிந்தாமல் இருக்கத் தரையில் பழைய காகிதம் விரித்திருக்கிறார். அதில் அந்த நாட்டு வேதத்தின் பக்கங்கள் இருந்தன. அந்த எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படம் எடுத்துவிட்டார்கள். மத நிந்தனை வழக்கு. நீண்ட கால ஜெயில். அரசு மன்னித்தால்தான் வெளியே வரலாம்.

அவர் மனைவி மல்லிகா ஊரப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒருநாள் கம்பெனி யூனிஃபார்மோடு எங்கள் மாடி ஏறி வந்தாள்.

"என் வூட்டுக்காரரு சாமி கும்புடுற ஆளு மேடம். எந்த சாமியையும் ஒண்ணும் சொல்லமாட்டாரு. கீழ கீற பேப்பர்ல இன்னா எழுதியிருக்குன்னு அவருக்கு எப்டித் தெரியும்?"

நான் அன்றே தீர்மானம் எழுத உட்கார்ந்துவிட்டேன். கூர்மையாகவே எழுதினேன். அறியாமல் செய்ததைக் குற்றமாக்குவது எந்த மதத்துக்கும் பெருமையல்ல, அந்த அரசு உடனே விடுதலை செய்ய வேண்டும் என்று. பிரகாசம் சார் படித்தார், மறுபடி படித்தார்.

"இவ்வளவு சத்தம் வேணுமாம்மா?"

"ஒரு ஆளு ஜெயில்ல இருக்கான் சார்."

"அதான் கேட்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கொடுத்துவிட்டார். வெட்டவும் இல்லை, திருத்தவும் இல்லை. அப்போதே எனக்குப் பொறி தட்டியது. இந்த மனிதர் இதை விரும்பவில்லை.

அந்த வருஷக் கூட்டம் வேளச்சேரி சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சேகரை ஜெயிலில் வைத்திருந்த நாட்டிலிருந்தும் ஓர் உறுப்பினர் வந்திருந்தார். தடித்த கண்ணாடி போட்ட அம்மா. என் வசதிக்குக் கண்ணாடியம்மா என்றே சொல்கிறேன். அவரோடு அவர் நாட்டு அதிகாரி ஒருவர் நிழலாகவே வந்தார். அவர் யாருக்குக் காவல், யாருக்கு வேவு என்று எங்களுக்குத் தெரியாதா என்ன? கண்ணாடியம்மா முதல் வாசிப்பிலும் இரண்டாம் வாசிப்பிலும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவதில் எழுந்து போய்விடுவாரோ என்பதுதான் என் பயமெல்லாம்.

அதற்கு முந்தின நாள் மாலை, மண்டபத்து வாசலில் பிரகாசம் சாரும் அவரும் நின்று பேசுவதைப் பார்த்தேன். அதிகாரி கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சார் ஏதோ ஒரு வரி சொன்னார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்தில் போனதும், "பூ அலங்காரம் நல்லா இருக்கு இல்லையா?" என்றார் சார். பூ அலங்காரமாம்! முந்தின கல்யாணத்துப் பூ அது, வாடிப் போயிருந்தது.

மறுநாள் மூன்றாம் வாசிப்பு. மல்லிகா கீழே செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். "முடிஞ்சதும் முதல்ல உங்கிட்டதான் வருவேன்" என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.

போனால், காபி!

கேட்டரிங் நசீர் பாயும் அவர் ஆட்களும் பெரிய பெரிய டம்ளர்களில் ஆவி பறக்கப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. "பாய், இன்னிக்கு எதுக்குக் காபி? எடுங்க, எடுங்க" என்றேன். அதற்குள் எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தீவு நாட்டிலிருந்து வந்த சின்னையா பெரியவர் இரண்டாவது டம்ளரில் இருந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. சர்க்கரை போட்டிருக்கும் என்று கூட்டத்தில் எப்போதும் காபியே தொடமாட்டார்.

பிரகாசம் சார் மேடைக்கு வந்தார். அன்று யாரிடமும் குனிந்து 'போயிட்டு வந்துடறீங்களா' என்று கேட்கவில்லை. நேராகப் படிக்க ஆரம்பித்தார். நான் கண்ணாடியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு கையாலும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிழல் அதிகாரி சுவரோரமாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் மெதுவாகப் படித்தார். அவர் எப்போதும் நிதானம்தான்; ஆனால் அன்று ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் நின்றார். ஒரு வரி படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். சின்னையா பெரியவர் காலை மாற்றிப் போட்டார். நெளிந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையைத் தட்டிப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். 'உடனே விடுதலை' என்ற வரிக்கு இன்னும் ஒரு பத்திதான் பாக்கி. பெரியவர் எழுந்தார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி கையைக் குவித்துக்கொண்டே வேகமாக வெளியே போனார்.

சார் அந்த வார்த்தையோடு நிறுத்தினார். தாளை மடித்தார். "அடுத்தது" என்றார்.

பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து, "என்ன ஆச்சு, ஏன் எல்லாரும் என்னைப் பார்க்கறீங்க?" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

கீழே போய் மல்லிகாவிடம் எப்படிச் சொன்னேனோ, தெரியாது. முழுவதும் கேட்டாள். கத்தவில்லை.

"அப்ப, எல்லாரும் உள்ள போயி காபி குட்ச்சிட்டு வந்துட்டீங்க. அவ்ளோதான் மேடம்?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுது முடித்ததும் நேராக நசீர் பாயிடம் போனேன். அவர் அடுப்படியில் டம்ளர் எண்ணிக்கொண்டிருந்தார்.

"யார் பாய் காபி சொன்னது?"

"இன்னா மேடம், சார்தான் போன் போட்டாரு. டிகாஷன் ஸ்ட்ராங்கா, பெரிய டம்ளர்ல குடுங்க, சர்க்கரையைத் தனியா வெச்சுடுங்கன்னாரு. இன்னா, பேஜார் ஆயிடுச்சா?"

சர்க்கரை தனியாக! சர்க்கரை வியாதிக்காரர்களையும், முக்கியமாகச் சின்னையா பெரியவரையும், குடிக்க வைக்கத்தான் அது. தவறுதலாக வந்த காபி இல்லை, அளவெடுத்துத் தைத்த காபி. என் சந்தேகம் என்னை ஏமாற்றவில்லை. சாரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"காபி சொன்னது நீங்கதானே சார்?"

"மூணாம் வாசிப்பைப் பத்தி அப்புறம் பேசறதில்லைம்மா. உனக்குத் தெரியுமே."

"அந்தப் பொண்ணு கீழ உக்காந்திருந்தா சார்."

"தெரியும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் அவரை வேவு பார்த்தேன் என்றே சொல்லலாம். கண்ணாடியம்மாவின் நாட்டிடம் இவர் என்ன வாங்கியிருப்பார்? சேலையூரில் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று கண் மேயும். அதே பழைய ஸ்கூட்டர், அதே சத்தம் போடுகிற ஃபேன். அப்படியானால் மகனுக்கு அங்கே வேலையோ என்று நினைத்தேன். அவருக்கு மகனே கிடையாது.

மல்லிகாவும் சும்மா இருக்கவில்லை. காபி சொன்னது யார் என்று நசீர் பாய் மூலம் அவளுக்கும் எட்டிவிட்டது. தினமும் காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் ஆபீசுக்குப் போன் செய்வாள். ஆபீஸ் போனை எடுப்பது என் வேலை. ஆனால் அந்த அழைப்பை மட்டும் பிரகாசம் சார் தானே வந்து எடுப்பார். அவள் திட்டுவது எனக்குப் பக்கத்து மேஜை வரை கேட்கும். "நீயெல்லாம் நல்லா இருப்பியா? உனக்கு யார் மேலயாச்சும் பாசம் இருந்தா தெரியும்" என்பாள். இன்னும் எழுத முடியாததெல்லாம் சொல்வாள். சார் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்பார். அவள் வைத்த பிறகுதான் வைப்பார். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். அன்றும் அந்த நேரத்துக்கு வந்து எடுத்துவிட்டுப் போனார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்றுதான் நினைத்தேன்.

சில மாதங்கள் போயின. ஒருநாள் சேகருக்கு மன்னிப்புக் கிடைத்தது. ஏன், எப்படி என்று யாரும் சொல்லவில்லை. அந்த நாட்டுப் பண்டிகைக்குச் சில கைதிகளை விட்டார்களாம், அதில் இவரும் ஒருவர். மல்லிகா சேகரையும் கூட்டிக்கொண்டு, ஒரு பெட்டி பாதுஷாவோடு மாடி ஏறி வந்தாள். எல்லோருக்கும் கொடுத்தாள். சார் அறையை மட்டும் தாண்டிப் போனாள். அவர் உள்ளே இருந்து பார்த்தார், பிறகு தாளைப் புரட்டினார். சரியாகத்தான் செய்தாள் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

பிரகாசம் சார் ஓய்வு பெற்றுச் சில வருஷங்களில் இறந்தார். உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். புதைக்கிறார்களா எரிக்கிறார்களா என்று பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம் என்றிருந்தேன். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், கண்ணாடியம்மா போன் செய்தார். கண் ஆபரேஷனுக்குச் சென்னை வந்திருந்தார். இப்போது அவர் உறுப்பினர் இல்லை. கூட நிழலும் இல்லை. போய்ப் பார்த்தேன். குரோம்பேட்டையில் உறவினர் வீட்டில் கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். பழைய கதையெல்லாம் பேசினோம். நான் கேட்டே விட்டேன்.

"அன்னிக்கு வாசல்ல பிரகாசம் சார் உங்ககிட்ட என்னம்மா சொன்னாரு?"

அவர் கண் கட்டை ஒருதரம் சரிசெய்துகொண்டார்.

"'நீங்க எழுந்திருக்காதீங்கம்மா, உட்கார்ந்தே இருங்க. மத்தது என் பாடு'ன்னாரு. நான் எழுந்து போறதாத்தான் இருந்தேன். போகலேன்னா அந்த அதிகாரி ஊர்ல போய் என்ன சொல்வான்? தீர்மானம் நிறைவேறியிருந்தா, வெளியாள் மிரட்டறான்னு எங்க ஊர்ல யாரும் அந்தப் பையனை விட ஒத்துக்கமாட்டாங்க. நான் எழுந்து அதைத் தடுத்திருந்தா எனக்கு மாலை போட்டிருப்பாங்க. மாலை போட்டவங்க முன்னாடி போய் அவனை மன்னிச்சிடுங்கன்னு கேட்க முடியுமா? நிறைவேறவும் கூடாது, நான் நிறுத்தவும் கூடாது. சின்னையா எழுந்தாரே, அப்பதான் எனக்கு மூச்சே வந்தது. அப்புறம் ஊருக்குப் போய் மேலிடத்து ஆளுங்களை ஒவ்வொருத்தரா பார்த்துக் கெஞ்சினேன்."

"சார் உங்களைக் கெஞ்சச் சொன்னாரா?"

"ஒரு நாளும் சொல்லலை. எனக்கு வழியை விட்டாரு, அவ்வளவுதான்."

ஆக, நான் சந்தேகப்பட்டது சரி. அவர்தான் தீர்மானத்தைக் கொன்றார். எதற்காக என்பதில்தான் தவறிவிட்டேன். குரோம்பேட்டையில் ரயில் ஏறினேன். வீடு இருக்கிற தாம்பரத்தில் இறங்க மனம் வரவில்லை. நேரே ஊரப்பாக்கம் போனேன்.

மல்லிகா இப்போது சொந்த வீட்டில் இருக்கிறாள். சேகர் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார். அன்று வேலைக்குப் போயிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்து கேட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொல்லியிருந்தா வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பியா?"

"மாட்டேன்" என்றாள். "நாலு பேர்கிட்ட சொல்லியிருப்பேன். டிவிக்காரன்கிட்டகூட சொல்லியிருப்பேன்."

பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெனிக்கும் திட்டினேனேக்கா. அந்த மனுசன் ஏன் போனை எடுத்துகினே இருந்தாரு? எடுக்காம வுட்டிருக்கலாம்ல?" என்றாள்.

என் சந்தேகப் புத்தி போகுமா? அதைத்தான் ரயிலில் வரும்போதும் யோசித்துக்கொண்டு வந்தேன். அவள்மேல் இரக்கப்பட்டும் அவர் எடுத்திருக்கலாம். அவரைத் திட்டித் தீர்த்துவிட்டால் அவள் வேறு எங்கும் போய்க் கத்தமாட்டாள், காரியம் கெடாது என்ற கணக்கிலும் எடுத்திருக்கலாம், அவர் அப்படிக் கணக்குப் போடுகிற ஆள்தான், எனக்கு இன்னும் தெரியவில்லை என்று அவளிடம் சொன்னேன்.

மல்லிகா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"எதுவா இருந்தா இன்னாக்கா? அன்னிக்கெல்லாம் வேற யாரு என் போனை எடுத்தாங்க?"